ரோவெனாவைப் பற்றிய பன்னிரண்டு பக்கங்கள்

எடித்தாவுக்கு முனைவர் பட்டத்தின் மேலிருந்த ஆசை எப்போதோ வடிந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் காலை ஐந்தரை மணி ஜீப்னி வண்டியைப் பிடித்து இலோயிலோ நகரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆறு வருடமாகப் போகிறாள். போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் போய், நான் விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியரிடம், கணவனிடம், கூட வேலை பார்ப்பவர்களிடம், இரண்டு தங்கைகளிடம். அத்தனை பேரிடமும் சொல்வதைவிட ஜீப்னி ஏறுவது சுலபமாக இருந்தது.

வயது நாற்பத்தொன்பது. கடற்கரை ஊரின் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாள், நாற்பத்தாறு பிள்ளைகள். பாடம் நடத்தி முடித்தால் பாடத்திட்டம் எழுத வேண்டும். பாடத்திட்டம் எழுதியதற்கு அறிக்கை எழுத வேண்டும். எந்தப் பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுத்தோம் என்று ஒரு பட்டியல், எந்தப் பிள்ளை எத்தனை கிலோ என்று இன்னொரு பட்டியல். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு வலிக்கும். சனிக்கிழமை பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கண் சொக்கிவிடும்.

முதலில் எடுத்த ஆய்வு பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியது. முந்நூறு பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து எண்களைக் குவித்து வைத்திருந்தாள். அதற்குள் அவளுடைய வழிகாட்டி ஓய்வு பெற்று, கனடாவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். புதிதாக வந்தவள் டாக்டர் மொந்தானோ. எடித்தாவைவிடப் பத்து வயது இளையவள். எண்களை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தாள்.

"மேம் எடித்தா, இருபத்தாறு வருஷம் வகுப்புல நின்னிருக்கீங்க. இந்த ஆய்வுல நீங்க எங்க இருக்கீங்க? தேடிப் பார்த்தேன், ஒரு பக்கத்துலயும் காணோமே."

"ஆராய்ச்சி பண்றவங்க உள்ள தலை காட்டக் கூடாதுன்னுதானே டாக்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?"

"அது ஒரு முறை. இன்னொரு முறையும் இருக்கு."

அதைத் தன்-இனவரைவியல் என்று சொல்கிறார்கள் என்று மொந்தானோ விளக்கினாள். ஆராய்கிறவர் தன் வாழ்க்கையையே எடுத்து மேசை மேல் வைத்து ஆராய்வது. "சுயசரிதை இல்ல மேம். உங்க கதைக்குள்ள பள்ளிக்கூடம் எப்படி நடந்துக்குது, மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்தா ஒரு டீச்சரோட கை என்ன பண்ணுது, அதையெல்லாம் பார்க்கிறது. உங்களை உறுத்துற ஒரு விஷயம் இருக்கும். அங்கேர்ந்து ஆரம்பிங்க."

பள்ளியில் இதைச் சொன்னதும் பக்கத்து வகுப்பு கிளெண்டா வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

"உங்களைப் பத்தி நீங்களே எழுதினா டாக்டர் பட்டமா? அப்படின்னா எனக்கு ரெண்டு கொடுக்கணும் மேம். என் மாமியாரைப் பத்தி மட்டும் ஒண்ணு."

"மாமியாரைப் பத்தி எழுதினா அவங்ககிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கணும்."

"அப்ப வேண்டாம். படிக்காதவளாவே இருந்துடறேன்."

உறுத்துகிற விஷயம் எது என்று எடித்தா அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், வகுப்பில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்று உத்தரவு இருந்தது. ஊர்ப் பேச்சான இலோங்கோவில் வாய் தவறிப் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகை தொங்கும். 'இனி இங்கிலீஷில்தான் பேசுவேன்' என்று எழுதியிருக்கும். அடுத்த பிள்ளை மாட்டிக்கொள்ளும்வரை இந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பலகையைச் செய்து, எழுத்தை அழகாக வரைந்தது எடித்தாதான். அந்த வருடம் ரோவெனா என்றொரு பெண் இரண்டு நாள் தொடர்ந்து பலகையோடு நின்றாள். சில நாளில் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு வரவேயில்லை. சில வருடம் கழித்து மேலிடம் மனம் மாறி, சின்ன வகுப்புகளில் தாய்மொழியிலேயே சொல்லிக்கொடுங்கள் என்றது. எடித்தா இலோங்கோவில் பாட அட்டைகள் எழுதினாள், அதே அழகான எழுத்தில்.

பள்ளி விட்டபின் காலியான வகுப்பில் உட்கார்ந்து அதையே ஆய்வின் நாலாம் அத்தியாயமாக எழுதினாள். பன்னிரண்டு பக்கம். எழுதும்போது இரண்டு தடவை அழுதாள். அழுகை வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. களைத்துப்போன உடம்பில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறதே என்று ஒரு சின்ன சந்தோஷம் கூட.

மொந்தானோ படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு மேம். மூணு வருஷத்துல இப்படி ஒரு அத்தியாயம் என் கைக்கு வரலை." பிறகு ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். "ஆனா இது உங்க கதை மட்டும் இல்ல. இந்த ரோவெனா உயிரோட இருக்காங்க, அதே ஊர்ல இருக்காங்க. படிச்சுக் காட்டி சம்மதம் வாங்குங்க. அது இல்லாம தேர்வுக் குழு முன்னாடி வைக்க முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எடித்தா பக்கங்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கருவாடு காயவைக்கும் இடம் ஊருக்குத் தெற்கே இருந்தது. ரோவெனாவுக்கு இப்போது இருபத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூங்கில் தட்டிகளில் பிளந்த மீன்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எடித்தாவைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"மேம்! என் பொண்ணு ஏதாச்சும் பண்ணிட்டாளா?"

"ஐயோ இல்ல. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"என்னையா? ஓட்டுக் கேக்கிறவங்க கூட இந்த வெயில்ல வரமாட்டாங்க மேம். இப்படி நிழலுக்கு வாங்க."

எடித்தா விஷயத்தைச் சொன்னாள். படிப்பு, ஆராய்ச்சி, அதில் ரோவெனாவைப் பற்றி ஒரு பகுதி. ரோவெனா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் முதலில் கேட்டாள்.

"முதல்ல படி. படிச்சுட்டு, சம்மதம்னா மட்டும் போடு."

ரோவெனா முதல் பக்கத்தை வாங்கினாள். உதடுகள் அசைந்தன. விரல் முதல் வரியில் போனது, நின்றது, மறுபடி வரியின் தொடக்கத்துக்கு வந்தது.

"மேம், இது இங்கிலீஷா இருக்கே. நான் நாலாவதோட நின்னவ."

குத்திக்காட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. தட்டியில் மீன் குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எடித்தாவுக்குத்தான் காது சூடாயிற்று. இங்கிலீஷை இந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டியதற்காக வருந்தி, பன்னிரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள். எழுதும்போது ஒரு நிமிடம் கூட இது தோன்றவில்லை.

"நீங்களே சொல்லுங்க மேம். நம்ம பேச்சுல சொல்லுங்க, நான் வேலையைப் பார்த்துக்கிட்டே கேக்கிறேன்."

எடித்தா கவிழ்த்துப்போட்ட தொட்டி மேல் உட்கார்ந்து, பக்கத்தைப் பார்த்து இலோங்கோவில் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பக்கம் சரியாகத்தான் போனது. வகுப்பறை, உத்தரவு, பலகை. இரண்டாம் பக்கத்தில் சிக்கல். 'அவளது மௌனம் வகுப்பறைச் சுவர்களில் ஒரு குற்றச்சாட்டாக எதிரொலித்தது' என்று எழுதியிருந்தாள். மீன் மணக்கும் காற்றில், எதிரே அந்தப் பெண் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது?

"அப்புறம்... நீ பேசாம நின்னே," என்றாள்.

"சரி."

நாலாவது பக்கத்தில், ரோவெனாவின் கண்களில் ஒரு முழுத் தலைமுறையின் காயம் தெரிந்தது என்று இருந்தது. எடித்தா பக்கத்தைத் திருப்பினாள்.

"மேம், நிறைய எழுதியிருக்கு, கொஞ்சமாச் சொல்றீங்களே?"

"இங்கிலீஷ்ல கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கு."

"ஓ. மேடைப் பேச்சு மாதிரி."

பன்னிரண்டு பக்கமும் கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயின. அந்த அவமானத்தால்தான் நீ பள்ளியை விட்டாய், அதற்கு நான்தான் காரணம் என்று கடைசியில் இருந்ததை எடித்தா சொல்லி முடித்தாள். ரோவெனா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மேம், அந்தப் பலகையா? அதை எல்லாருமே போட்டோம். ரோடெல்னு ஒருத்தன் இருந்தானே, அவன் வேணும்னே இலோங்கோல கத்தி அதை வாங்குவான். அதைப் போட்டுக்கிட்டு நின்னா தோட்டத்துக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். நானும் அதுக்குத்தான் ரெண்டு நாள் வச்சிருந்தேன். அவன் கேட்டான், கொடுக்கலை."

"அழுதியே நீ."

"நானா? எனக்கு ஞாபகம் இல்ல மேம். அழுதிருப்பேன். பல்லு வலி வேற அப்ப."

"அப்ப ஸ்கூலுக்கு வராம ஏன் நின்னே?"

"பாகோலோத்ல எங்க சித்திக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்க ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மாசம்."

எடித்தாவுக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும். பதினெட்டு வருடம் சுமந்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே. ஆனால் உட்கார்ந்திருந்த தொட்டியை யாரோ உருவிவிட்டதுபோல இருந்தது. அழுது எழுதிய பக்கங்கள். மொந்தானோ கண்ணாடியைத் துடைத்த பக்கங்கள். இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் தான் அவ்வளவு பெரிய ஆளாக இருந்ததே இல்லை என்பது தெரிந்தபோது முதலில் வந்தது ஒருவித ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தைக் கண்டுகொண்டபோது தன் மேலேயே சலிப்பு வந்தது.

"ரெண்டு மாசம்தானே," என்றாள். "திரும்பி வந்திருக்கலாமே?"

ரோவெனா ஒரு தட்டி முழுக்க மீனைத் திருப்பி முடித்தாள். அடுத்த தட்டிக்குப் போனாள். அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நிஜமாவே கேக்கறீங்களா மேம்?"

"ஆமா."

"அம்மா அதுக்குத்தான் ஸ்கூலுக்கு வந்தா. நான் போறதுக்கு முந்தின நாள். ரெண்டு மாசத்துல வந்துடுவா, பேரை அடிச்சிடாதீங்கன்னு உங்ககிட்ட சொல்றதுக்கு. அன்னைக்கு மாவட்டத்து அதிகாரிங்க வந்திருந்தாங்க. பின்னாடி நாற்காலி போட்டு உக்கார்ந்திருந்தாங்க. அம்மா சந்தையிலேர்ந்து நேரா வந்தா. வாசல்ல நின்னு இலோங்கோல பேச ஆரம்பிச்சா. நீங்க அந்தப் பலகையைக் காட்டி, இந்த ரூம்ல இங்கிலீஷ் மட்டும்தான், தாயேன்னு இங்கிலீஷ்லயே சொன்னீங்க. பிள்ளைங்க சிரிச்சாங்க. அதிகாரிங்களும் சிரிச்சாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். 'குட் மார்னிங், மேம்'னு சொன்னா. அதைச் சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டா."

கடல் பக்கமிருந்து காற்று வந்து பக்கங்களைப் புரட்டியது. எடித்தா கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்க இருந்தே?"

"குடிநீர்க் குழாய்க்குப் பின்னாடி. அம்மா என்னைப் பார்க்கலை. நான் பார்த்தேன்னு இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட, டீச்சர் இல்ல, லீவுன்னு சொன்னா. ரெண்டு மாசம் கழிச்சு நான் வந்தப்ப பேரு இல்ல. மறுபடியும் வந்து கேளும்மான்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அவ்வளவுதான் மேம்."

எடித்தா நினைவில் துழாவினாள். அதிகாரிகள் வந்த நாட்கள் எத்தனையோ இருந்தன. புதுத் திரைச்சீலை, பளபளவென்று துடைத்த தரை, இடுப்பில் இறுக்கும் சீருடைப் பாவாடை, எல்லாம் வந்தன. வாசலில் ஒரு பெண் வரவில்லை. எங்கே தேடியும் வரவில்லை. பலகையின் மூலையில் வரைந்த பூ கூட ஞாபகம் இருந்தது. இது மட்டும் இல்லை.

ரோவெனாவின் அம்மா பாசிங் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊர்ச் சந்தையில் மீன் விற்பவள். எடித்தா வாரம் இரண்டு முறை அவளிடம்தான் மீன் வாங்குகிறாள். மாலை நாலு மணிக்குப் போனாலும் 'குட் மார்னிங், மேம்' என்றுதான் சொல்வாள். அது அவள் விளையாட்டு என்று எடித்தா நினைத்திருந்தாள். பதிலுக்குச் சிரித்துக்கொண்டே 'குட் மார்னிங்' சொல்லியிருக்கிறாள், எத்தனையோ வருடமாக.

"எனக்கு ஞாபகம் இல்ல ரோவெனா," என்றாள். "சத்தியமா இல்ல."

"தெரியும் மேம். இருந்திருந்தா அதைத்தானே எழுதியிருப்பீங்க."

ரோவெனா படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினாள். "இந்தப் பலகைக் கதையை வேணும்னா எழுதிக்கோங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மா விஷயத்தை மட்டும் எழுதாதீங்க."

"பேரை மாத்திடலாம்..."

"இந்த ஊர்ல மீன் விக்கிற, பாகோலோத்துக்குப் போன பொண்ணோட அம்மா எத்தனை பேரு மேம்? யாராவது ஒருத்தர் போய்ச் சொல்வாங்க. நான் பார்த்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும், அவ மறுபடியும் அந்த வாசல்ல போய் நிக்கணும். வேண்டாம்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பழைய செய்தித்தாளில் கருவாடும் சுற்றிக் கொடுத்தாள். எடித்தா வேண்டாம் என்று சொன்னாள், அவள் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மொந்தானோவிடம் பாதியைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். ஜீப்னியில் இரண்டு மணி நேரம் குலுங்கிவந்த களைப்பில் முழுவதையும் கொட்டிவிட்டாள். மொந்தானோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"மேம், இதுதான் அத்தியாயம்! அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத் தூக்கிப் போடுங்க. உங்களுக்கு ஞாபகமே இல்லைங்கறதுதான் இங்க கண்டுபிடிப்பு. அந்த அம்மாகிட்ட நேரா போய் சம்மதம் கேளுங்க."

"கேட்டா, பொண்ணு பார்த்துட்டாங்கறது தெரிஞ்சிடும் டாக்டர்."

"பொண்ணு பேரைச் சொல்ல வேண்டியதில்லையே. உங்களுக்கே ஞாபகம் வந்ததுன்னு..." என்று ஆரம்பித்த மொந்தானோ தானே நிறுத்திக்கொண்டாள். பேனா மூடியைத் திறந்து மூடினாள். "சாரி. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இது நம்ம தொழில் வியாதி மேம். நல்ல கதை கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது," என்றாள் எடித்தா. "கருவாட்டை வாங்கிட்டு நடந்து வரும்போதே, இதை எந்த வரியில ஆரம்பிக்கலாம்னு யோசிச்சுட்டேன்."

அவள் சந்தைக்குப் போகாமல் ஒரு வாரம் கடத்தினாள். வீட்டில் முட்டையும் பூசணியும் ஆயிற்று. கப்பல் வேலையிலிருந்து இடுப்பு ஒடிந்து திரும்பிய அவள் கணவன் நெஸ்டர் மூன்றாம் நாளே அவளைச் செல்லப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டான். "பங்கா, கடல் வத்திப்போச்சா?"

சனிக்கிழமை வகுப்பு ரத்தானதால் காலையிலேயே சந்தைக்குப் போனாள். பாசிங் மரப்பலகை மேல் மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது, அகலமான முகம்.

"குட் மார்னிங், மேம்!"

எடித்தா தலையை மட்டும் அசைத்தாள். பாசிங்கே பேச்சை ஆரம்பித்தாள்.

"ரோவெனாவைப் பார்க்கப் போனீங்களாமே? அவளைப் பத்தி ஏதோ எழுதறீங்களாம். பெருமை தாங்கலை அவளுக்கு."

"ஆமா மானாங்," என்றாள். மூத்தவளை அக்கா என்பதுபோல ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நல்லாப் படிச்சவ மேம் அவ. நான்தான் கெடுத்துட்டேன்." கத்தி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "ஒரு வார்த்தை ஸ்கூல்ல சொல்லி வச்சிருந்தா பேரு இருந்திருக்கும். வந்தேன் ஒரு நாள். பெரிய ஆளுங்கள்லாம் வந்திருந்தாங்க, நீங்க வேலையா இருந்தீங்க. திரும்பிட்டேன். மறுநாள் வந்திருக்கலாம்ல? கூடை தூக்கிட்டு அவ்வளவு தூரம் வந்தவளுக்கு அன்னைக்கு என்ன ரோஷமோ."

பாசிங் அதை எடித்தாவுக்குச் சங்கடம் இல்லாமல் ஒதுக்கி ஒதுக்கிச் சொன்னாள். பலகை இல்லை, சிரிப்பு இல்லை. தவறு முழுவதும் தன்னுடையதாக ஆக்கி, செதிலோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினாள். எடித்தா சும்மா இருந்திருக்கலாம். மீனை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"அது உங்க தப்பு இல்ல மானாங். இங்கிலீஷ்ல பேசுன்னு நான்தான் உங்களை வாசல்லயே திருப்பி அனுப்பினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுந்து வந்து உங்ககிட்ட பேசியிருக்கணும்."

கத்தி நின்றது. பாசிங் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேம்... உங்களுக்கு ஞாபகம் இருக்கா அது?"

இல்லை என்றால், பின் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதில் ரோவெனாவுடையது. எடித்தா ஆறு வருடமாக எதையும் மறைக்காமல் எழுத வேண்டும், நினைவில் இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது என்று படித்துக்கொண்டிருந்தவள்.

"இருக்கு," என்றாள். "நல்லா ஞாபகம் இருக்கு. மன்னிச்சுக்கோங்க."

பாசிங் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கன்னத்தில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டது. "நான் மட்டும்தான் அதைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன்," என்றாள் மெதுவாக. "நீங்களும் மறக்கலையா. இத்தனை வருஷம் நீங்களும் அதை வச்சிருந்தீங்களா மேம்."

எடித்தாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீன்களைப் பார்த்தாள்.

"ரோவெனாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் பாசிங். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு தெரிஞ்சா பாவம், தாங்கமாட்டா. அந்தப் புத்தகத்துலயும் வேண்டாம்."

"எழுதலை மானாங்."

"சரி, இந்தக் கெளுத்தி வேண்டாம், நேத்துப் பிடிச்சது. இதை எடுத்துக்கோங்க. ஏன் ஒரு வாரமா ஆளையே காணோம்? சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிட்டீங்களோன்னு பார்த்தேன்."

பன்னிரண்டு பக்கத்தையும் எடித்தா எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் மூன்று பக்கம் எழுதினாள். இப்படி ஒரு சம்பவத்தைப் பற்றி நெடுக எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணிடம் அவள் மொழியில் வாசித்துக் காட்டியபோது பாதிக்கு மேல் வாயில் வரவில்லை. நான் காரணம் என்று நினைத்தது காரணம் இல்லை. உண்மையான காரணமும் நான்தான், ஆனால் அது என் நினைவில் இல்லை. நினைவில் வைத்திருப்பவர்கள் எழுத வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை. சந்தையில் சொன்ன பொய்யை அதில் சேர்க்கவில்லை.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மூத்த பேராசிரியர் நாலாம் அத்தியாயத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன, மூணு பக்கம்? மற்ற அத்தியாயம்லாம் முப்பது, நாப்பது."

"அவ்வளவுதான் சார் எழுத முடிஞ்சது."

"முக்கியமான சம்பவத்தையே எடுத்துட்டா தரவு எங்க? நாளைக்கு ஒருத்தர், எனக்கு ஒரு ரகசியம் தெரியும், சொல்லமாட்டேன்னு வெத்துத் தாள் கொண்டுவருவார். அவருக்கும் பட்டம் கொடுக்கிறதா?"

மொந்தானோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எடித்தாவே சொன்னாள்.

"என் கதையை நான் மட்டும் சொன்னா எவ்வளவு தப்பா இருக்கும்னு எழுதியிருக்கேன் சார். என்கிட்ட இருக்கிற தரவு அதுதான்."

"இந்த மூணு பக்கத்துல இருக்கிறதாவது உண்மையா?"

"இருக்கிறது உண்மை சார்."

திருத்தி எழுதி அடுத்த பருவத்தில் மறுபடி வரச்சொன்னார்கள். வெளியே தாழ்வாரத்தில் மொந்தானோ அவள் தோளைத் தொட்டு, "மூணாவது அத்தியாயத்தைக் கொஞ்சம் நீட்டுங்க மேம். உத்தரவுகளோட வரலாறு, அட்டவணை எல்லாம் போடுங்க. அவருக்கு அட்டவணை பிடிக்கும்," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. நெஸ்டர் தாழ்வாரத்தில் சாய்ந்துகொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே வானொலியை அணைத்தான்.

"இன்னொரு பருவம்," என்றாள் எடித்தா. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தாள்.

"விட்டுடேன் பங்கா. போதும். யாரு உன்னைக் கேக்கப் போறா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யாரும் கேட்கப்போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆறு வருடமாகப் பயந்தது அதற்குத்தானா என்று சிரிப்பு வந்தது. அவள் விடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அட்டவணைகள் போட்டாள். நாலாம் அத்தியாயத்தில் ஒரு வரி கூட்டவில்லை. ஐந்து மாதம் கழித்து, மூத்த பேராசிரியர் அட்டவணைகளைப் பாராட்டினார். ஏற்றுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கொடியேற்றத்துக்குப் பின் கிளெண்டா எல்லோர் முன்னாலும் குனிந்து வணங்கி, "டாக்டர், பூச்சி மருந்துப் பட்டியல் இன்னைக்குக் கடைசி நாள்," என்றாள். எடித்தா பேனாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். நாற்பத்தாறு பிள்ளைகளில் மூன்று பேர் வரவில்லை. அந்த மூன்று பேர் வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம் என்று முன் வரிசையில் இருந்தவர்களிடம் இலோங்கோவில் விசாரித்து, பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். கால் வலித்தது. அந்த மூன்று வீடுகளில் முதலாவதுக்கு அன்று மாலையே போக முடியவில்லை. மறுநாள் போனாள்.